நாரிலிருந்து நாற்காலி வரை

ஏழாம் வகுப்பு அறிவியல் மூன்றாம் பருவத்தில் 'பலபடி வேதியியல்' பாடம் வருகிறது. இயற்கை இழை, செயற்கை இழை, ரேயான், நைலான், பாலியெஸ்டர் என்று பாடம் நகரும்போது நாம் பெரும்பாலும் உடுத்தும் துணிகளையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். சட்டை பருத்தி, பட்டுப்புடவை பட்டு, ஸ்வெட்டர் கம்பளி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் நாம் உடுத்தாத துணி நம்மைச் சுற்றி எவ்வளவோ இருக்கிறது. பேருந்து இருக்கை, மருத்துவமனைத் திரை, அலுவலகத் தரைவிரிப்பு, விடுதி மெத்தை உறை, திரையரங்கச் சுவர் ஆகிய எல்லாவற்றிலும் துணி உண்டு.

குன்றத்தூர் பகுதிப் பள்ளிகளில் பணிபுரியும் நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நீள்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டிலும் ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டிலும் பெரிய கார் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. மறுபுறம் பல்லாவரம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் தறிச் சத்தம் கேட்ட ஊரான அனகாபுத்தூர். என் வகுப்புப் பிள்ளைகளில் சிலருடைய தாத்தா நெசவாளர். அப்பா கம்பெனி வேலை. "எங்கம்மா சீட்டு கவர் தைக்கிற கம்பெனியில இருக்காங்க மிஸ்" என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. ஒரே வீட்டில் தறியும் தொழிற்சாலையும் சந்திக்கும் ஊர் இது. அதனால் இழைகள் பாடத்தை நாற்காலியிலிருந்து தொடங்கினால் என்ன என்று தோன்றியது. அப்படித் தொடங்கியபோது படித்ததையும் வகுப்பில் செய்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

உட்காரும் துணியும் உடுத்தும் துணியும்

அலுவலகம், விடுதி, மருத்துவமனை போன்ற பொது இடங்களில் பயன்படும் துணிக்கு வீட்டுத் துணியைவிடக் கடுமையான தேர்வுகள் உண்டு. முதலாவது தேய்மானம். நம் வீட்டு நாற்காலியில் ஒரு நாளில் நாலைந்து பேர் உட்காரலாம். மருத்துவமனைக் காத்திருப்பு அறை நாற்காலியில் நூறு பேர் உட்காரலாம். ஆகவே இருக்கைத் துணியை ஒரு கருவியில் பொருத்தி, கம்பளித் துணியால் திரும்பத் திரும்பத் தேய்த்து, எத்தனையாவது தேய்ப்பில் நூல் அறுகிறது என்று எண்ணுகிறார்கள். இதற்கு மார்ட்டின்டேல் சோதனை என்று பெயர். பொது இடத்து இருக்கைகளுக்குப் பொதுவாக 30,000 தேய்ப்புகளுக்கு மேல் தாங்கும் துணியைக் கேட்பார்கள்.

இரண்டாவது தீ. பலர் கூடும் இடத்தில் திரைச்சீலையில் பற்றும் நெருப்பு எளிதில் பரவக்கூடாது. மூன்றாவது வெளிச்சம். கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடங்களில் நாள் முழுவதும் வெயில் விழும், சாயம் வெளுக்கக்கூடாது. நான்காவது, அடிக்கடி துடைத்தாலும் துவைத்தாலும் சுருங்காமல் இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் குறைந்த விலையில் நிறைவேற்றுவது பாலியெஸ்டர். அதனால்தான் உலகெங்கும் இருக்கை உறைகளில் அது பெருகியது. அதன் மூலப்பொருள் பெட்ரோலியம். தேய்ந்த பிறகு மண்ணில் மக்காது. உறைக்குக் கீழே இருக்கும் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சும் அப்படியே. உழைக்கும் காலத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும் பொருள், உழைத்து முடித்த பிறகு யாருக்கும் வேண்டாத பொருளாகிறது. இந்த முரணைத் தீர்க்கும் முயற்சியைத்தான் நீடித்த வடிவமைப்பு என்கிறோம்.

ஒரு நாற்காலியைப் பிரித்தோம்

உடைந்துபோய் மூலையில் கிடந்த சுழல் நாற்காலி ஒன்றைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு எட்டாம் வகுப்பில் பிரித்தோம். திருகாணிகளையும் பின்களையும் நான் கழற்ற, பிள்ளைகள் பொருள்களை வகைப்படுத்தினார்கள். மேலே பாலியெஸ்டர் துணி, அதன் கீழே நுரைப்பஞ்சு, இரண்டையும் ஒட்டிய பசை, துணியைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்கள், ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் கைப்பிடி, இரும்புத் தண்டு, சக்கரங்கள். ஒரு நாற்காலிக்குள் இத்தனையா என்று வியந்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது அடுத்து எங்கே போகும்? இரும்பையும் பிளாஸ்டிக்கையும் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள் என்று பிள்ளைகளே சொன்னார்கள். பலகை அடுப்புக்குப் போகும் என்றான் ஒருவன். அதில் பசை இருப்பதால் எரித்தால் நச்சுப்புகை வரும் என்று விளக்கினேன். பஞ்சோடு ஒட்டிய துணியை மட்டும் எந்தப் பக்கமும் வைக்க முடியவில்லை. துணியைப் பஞ்சிலிருந்து உரிக்கப் பார்த்தார்கள். பஞ்சும் சேர்ந்து பிய்ந்து வந்தது. 'பசை இல்லாம தச்சிருந்தா கழட்டியிருக்கலாம் மிஸ்' என்றாள் ஒரு மாணவி.

அந்த ஒரு வாக்கியத்தில் இன்றைய அறைகலன் வடிவமைப்பின் முக்கியக் கொள்கை இருக்கிறது. ஒட்டுவதற்குப் பதில் தைப்பது, ஆணி அடிப்பதற்குப் பதில் திருகாணி போடுவது, உறையைத் தலையணை உறைபோல் கழற்றி மாட்டும்படி செய்வது ஆகியவை எளிய மாற்றங்கள். ஆனால் நாற்காலியின் ஆயுளை நீட்டுபவை. உறை கிழிந்தால் உறையை மட்டும் மாற்றலாம். ஜார்ஜியாவைச் சேர்ந்த ரே ஆண்டர்சன் 1973இல் தொடங்கிய இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரைவிரிப்பைப் பாய்போல் ஒரே விரிப்பாக இல்லாமல் சதுரச் சதுரமாகச் செய்தது. வாசலருகே தேய்ந்த சதுரத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். மொத்த விரிப்பையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1994க்குப் பிறகு அந்நிறுவனம் பழைய விரிப்புகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதையும் தன் இலக்காக்கியது.

மண்ணுக்கா, ஆலைக்கா?

1990களில் சுவிட்சர்லாந்தில் நடந்த ஒன்றை வகுப்பில் கதையாகச் சொல்லலாம். ரோனர் என்ற சிறிய நெசவாலை அலுவலக நாற்காலிகளுக்குத் துணி நெய்துவந்தது. அங்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளில் இருந்த சாயங்களையும் வேதிப்பொருள்களையும் காரணம் காட்டி, அரசு அவற்றை ஆபத்தான கழிவு என்று வகைப்படுத்தியது. துண்டை ஆபத்து என்று புதைக்கிறோம். அதே துணியின் மறுபாதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது! கட்டடக்கலைஞர் வில்லியம் மெக்டொனோவும் வேதியியலாளர் மைக்கேல் பிரௌன்கார்ட்டும் அந்த ஆலைக்கு உதவினார்கள். துணித் தொழிலில் பயன்படும் ஏறத்தாழ 8,000 வேதிப்பொருள்களை அலசி, தீங்கற்றவை என்று 38ஐ மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். இழைகளாகக் கம்பளியையும் ராமி என்ற தாவர நாரையும் கலந்தார்கள். புதிய துணி உருவான பிறகு ஆலையிலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்த அதிகாரிகள், கருவி பழுதோ என்று ஐயுறும் அளவுக்கு அது தூய்மையாக இருந்ததாம். மிஞ்சிய துண்டுகள் தோட்டங்களில் மண்ணை மூடும் மூடாக்காகப் போயின.

அவ்விருவரும் தந்த வகைப்பாடு ஆசிரியர்களுக்கு மிகப் பயன்படும். உலகில் உள்ள பொருள்களை இரண்டு வட்டங்களாகப் பிரிக்கலாம். ஒன்று, மண்ணுக்குத் திரும்பும் பொருள்: பருத்தி, சணல், கம்பளி, கோரை, தேங்காய் நார். மற்றொன்று, ஆலைக்குத் திரும்பும் பொருள்: இரும்பு, அலுமினியம், பாலியெஸ்டர், நைலான். இரண்டுமே தத்தம் வட்டத்தில் சுற்றிவரும் வரை கவலையில்லை. இரண்டையும் பிரிக்க முடியாதபடி கலக்கும்போதுதான் குப்பை பிறக்கிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த நூல் மண்ணிலும் முழுதாக மக்காது. ஆலையிலும் எளிதில் பிரியாது. எங்கள் நாற்காலியில் பஞ்சோடு ஒட்டிய துணியும் இதே இனம்தான்.

பக்கத்து ஊரின் பாடம்

உலக எடுத்துக்காட்டைச் சொல்லி நிறுத்தாமல் ஊர் எடுத்துக்காட்டுக்கு வருவோம். அடையாற்றங்கரை அனகாபுத்தூரில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணிகள் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்குக் கப்பலேறின. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத் துணியைத் தம் சடங்குகளில் இன்றளவும் மதிப்போடு பயன்படுத்துகிறார்கள். நைஜீரியா துணி இறக்குமதியைத் தடுத்தபோது அந்தச் சந்தை சரிந்தது. வெளிநாட்டுச் சந்தை ஒன்றை மட்டும் நம்பிய ஊரின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எட்டாம் வகுப்பு வரலாற்றில் 'இந்தியாவில் தொழிலகங்களின் வளர்ச்சி' நடத்தும்போது, மான்செஸ்டர் துணியால் நலிந்த நெசவைப் பற்றிப் பேசுகிறோம். அதன் தொடர்ச்சி நம் பக்கத்து ஊரிலும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

எஞ்சிய நெசவாளர்கள் வேறொரு வழி தேடினார்கள். நெசவாளர் சி. சேகர் தலைமையில் அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கத்தினர் சணல், வாழைநார், அன்னாசி நார், கற்றாழை நார், மூங்கில் நார் என்று பல தாவர நார்களைத் தறியில் ஏற்றிப் பார்த்தார்கள். 25 வகை இயற்கை இழைகளைச் சேர்த்து நெய்த புடவைக்காக லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். புடவை மட்டுமல்ல, திரைச்சீலை, மேசை விரிப்பு, பை என்று அறைகலன் சார்ந்த பொருள்களுக்கும் இந்த நார்கள் ஏற்றவை.

வாழைநாரின் அறிவியல்

வாழைநார் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பூக்கட்டும் நார் அதுதான். பூவோடு சேர்ந்து மணக்கும் நார் புடவையாகவும் திரையாகவும் மாறுவதுதான் புதிது. வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். குலையை வெட்டியதும் மரத்தையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். நாம் மரம் என்று சொல்வது உண்மையில் இலைக்காம்புகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றி உருவான பொய்த்தண்டு. உலகில் வாழைப்பழ உற்பத்தியில் முதலிடம் இந்தியாவுக்கு. அப்படியானால் வெட்டிச் சாய்க்கப்படும் தண்டுகள் எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லலாம். திருச்சியில் 1993இல் அமைக்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இந்தத் தண்டைப் பயன்பொருளாக்கும் வழிகளை ஆராய்கிறது.

தண்டின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். மட்டைகளை உரித்து, மழுங்கிய தகட்டால் சதையைச் சுரண்டினால் நார் மிஞ்சும். இதைச் செய்ய இயந்திரங்களும் உண்டு. நாரில் பெரும்பங்கு செல்லுலோஸ். அதோடு லிக்னின் என்ற பொருளும் இருப்பதால் நார் விறைப்பாக இருக்கும். பருத்திப் பஞ்சு மெல்லியது, சுருள்வது. ஆகவே முறுக்கினால் நூலாகிவிடும். வாழைநார் அப்படி எளிதில் நூற்கப்படாது. மெல்லியதாகக் கிழித்து, ஒரு நாரின் நுனியோடு அடுத்த நாரை முடிச்சிட்டு நீளமாக்குகிறார்கள். பாவு இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பதால் பாவில் பருத்தியோ பட்டோ வைத்து, ஊடையில் வாழைநாரைக் கொடுப்பது வழக்கம். பாவு என்றால் என்ன, ஊடை என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "இவ்வளவு நல்லதுன்னா எங்க தாத்தா ஏன் மிஸ் தறியை வித்துட்டாரு?"

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக்கூடாது. நீடித்த வடிவமைப்பு என்று பேசும் பலர் மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேசுவார்கள். நெய்பவரின் கூலியைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஒவ்வொரு நாரையும் கையால் முடிச்சிடும் வேலைக்கு நாள் கணக்கில் நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு உரிய விலையை வாங்குபவர் கொடுக்காவிட்டால், மாதச் சம்பளம் வரும் வேலைக்குப் போவதுதான் குடும்பத்துக்கு நியாயம். 2019-20ஆம் ஆண்டு கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள், பெரும்பான்மையோர் பெண்கள். அவர்கள் பிள்ளைகள் தறியில் உட்காருவார்களா என்பது கைத்திறனை மட்டும் பொறுத்தது அல்ல.

இங்குதான் பொது இடத் துணிகளின் முக்கியத்துவம் வருகிறது. புடவை ஒன்று விற்றால் ஒரு புடவைக்கு வேலை. ஒரு விடுதி தன் அறைகள் அனைத்துக்கும் திரைச்சீலை கேட்டால் பல தறிகளுக்குப் பல மாத வேலை. ஆனால் அந்த விடுதி முன்பு சொன்ன நான்கு தேர்வுகளையும் கேட்கும். விறைப்பான வாழைநார் இருக்கைத் தேய்மானத்தைவிடத் திரை, சுவர்ப் பலகை, விளக்குக் கூடு, மேசை விரிப்பு போன்ற தேய்மானம் குறைந்த இடங்களுக்குப் பொருந்தும். எந்த நார் எந்த இடத்துக்கு என்று தேர்ந்தெடுப்பதும், சோதித்துச் சான்று பெறுவதும், ஒரே நிறத்தை நூறு மீட்டருக்கும் பிசகாமல் கொடுப்பதும் தனி அறிவு. தறிக்கும் வாங்குபவருக்கும் நடுவில் அந்த அறிவுள்ளவர்கள் தேவை. "அந்த வேலைக்குப் படிப்பு இருக்கு. நீ அதைப் படிக்கலாம்" என்று அந்த மாணவிக்குச் சொன்னேன். துணித் தொழில்நுட்பம், துணி வேதியியல், வடிவமைப்பு என்று படிப்புகள் இருப்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை.

இயற்கை என்ற சொல்லை நம்பலாமா?

இதைப் படித்ததும் 'இயற்கை இழை நல்லது, செயற்கை இழை கெட்டது' என்று கரும்பலகையில் எழுதிவிட வேண்டாம். பருத்தி இயற்கைதான். ஆனால் உலகச் சராசரியில் 1 கிலோ பருத்தித் துணிக்கு, பயிரிடுவது முதல் ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. அதற்குச் சாயம் ஏற்றும்போது இன்னும் நீர், உப்பு, வேதிப்பொருள்கள். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறும், பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால் திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை அங்கே நிலைபெற்றது. எதிர்ச் சவ்வூடு பரவல் மூலம் நீரைப் பிரித்து மீண்டும் ஆலைக்கே கொடுக்கிறார்கள். மிஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கி உப்பையும் மீட்கிறார்கள். சவ்வூடு பரவலுக்கு உருளைக்கிழங்கு சோதனையோடு திருப்பூரையும் சொல்லலாம்.

சில அசோ சாயங்கள் உடலில் சிதைந்து புற்றுநோயூட்டும் அமீன்களைத் தரக்கூடியவை. ஜெர்மனி 1994இலும் இந்தியா 1997இலும் அவற்றைத் தடைசெய்தன. திரையும் மெத்தை உறையும் ஏற்றுமதி செய்யும் கரூர் போன்ற ஊர்கள் இந்த மாற்றத்தை நேரடியாக எதிர்கொண்டன.

'மூங்கில் துணி' என்ற அட்டையையும் கவனிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மென்மையான மூங்கில் துணி பெரும்பாலும் மூங்கில் கூழை வேதிப்பொருளில் கரைத்து எடுத்த விஸ்கோஸ் ரேயான். அதை மூங்கில் என்றே விற்ற நிறுவனங்கள்மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009இல் நடவடிக்கை எடுத்தது. மூலப்பொருள் இயற்கை; முறை வேதியியல். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும்.

பாட்டிலிலிருந்து துணி

செயற்கை இழைக்கும் நல்ல பக்கம் உண்டு. 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற மேலங்கி, பயன்படுத்திய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து செய்த துணி. அந்தத் துணியைக் கொடுத்தது கரூரைச் சேர்ந்த ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் நிறுவனம். தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் துணியும் பெட் என்ற ஒரே பலபடிதான் என்பதால் இது சாத்தியம். பாட்டில்களைக் கழுவி, சிறு துண்டுகளாக்கி, உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாக இழுக்கிறார்கள். உருக்கும்போதே நிறமியைக் கலந்துவிட்டால் பின்னர் சாயத்தொட்டியே தேவையில்லை, நீர் மிச்சம். இப்படிப்பட்ட இழை இருக்கை உறைகளிலும் தரைவிரிப்புகளிலும் பயன்படுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. துவைக்கும்போது பாலியெஸ்டரிலிருந்து நுண்ணிழைகள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. பாட்டில் மீண்டும் பாட்டிலாகலாம். ஆனால் பருத்தியோடு கலந்து துணியான பாட்டில் மறுபடி எதுவாகவும் ஆவது கடினம். அடிக்கடி துவைக்காத, தேய்மானம் மிகுந்த இருக்கை உறைக்கு அது ஏற்றது. நாள்தோறும் துவைக்கும் துணிக்குப் பருத்தி ஏற்றது. இடம் அறிந்து பொருளைத் தேர்வதே வடிவமைப்பு.

பழையதில் இருக்கும் புதுமை

புதுமை என்றாலே புதுப்பொருள் என்று நினைக்க வேண்டியதில்லை. பத்தமடைப் பாய் கோரைப் புல்லும் பருத்தி நூலும் மட்டுமே. ஆற்றுநீரில் ஊறவைத்த கோரையை நுண்ணிய கீற்றாகக் கிழித்துப் பட்டுபோல் மடிக்கும் அளவுக்கு நெய்கிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த பருத்தி நூலில் நெய்யும் பவானி ஜமக்காளம் 2005-06இலேயே அந்தக் குறியீட்டைப் பெற்றது. கல்யாண மண்டபத்தில் எத்தனை பந்திக்கு விரித்தாலும் அசராத அந்த ஜமக்காளம்தான் நம்மூரின் பொது இடத் தரைவிரிப்பு. பொள்ளாச்சிப் பக்கத் தேங்காய் நாரை ரப்பர் பாலோடு சேர்த்துச் செய்யும் மெத்தை, நுரைப்பஞ்சுக்கு மாற்று. இவை மூன்றும் மண்ணுக்குத் திரும்பும் வட்டத்தைச் சேர்ந்தவை. இன்றைய அலுவலகத்துக்கும் விடுதிக்கும் ஏற்ற அளவு, நிறம், பொருத்தும் முறை ஆகியவற்றை மாற்றி அமைத்தால் போதும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

செலவில்லாமல் நான் செய்துபார்த்த செயல்பாடுகள் இவை. உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தேய்ப்புச் சோதனை. கரும்பலகை அழிப்பானில் உப்புத்தாளைச் சுற்றி, பருத்தி, சாக்கு, பாலியெஸ்டர் துண்டுகளை ஒரே அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். முதல் நூல் அறும்வரை எண்ண வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி கண்டு பட்டை வரைபடம் வரையலாம். எங்கள் வகுப்பில் பழைய சட்டைத்துணி முதலில் கிழிந்தது. நாற்காலி உறை கடைசிவரை நின்றது. அழுத்தம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா என்று பிள்ளைகளே சண்டை போட்டார்கள். பிறகு அழிப்பானின்மேல் ஒரே செங்கல்லை வைத்துத் தேய்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்ற கருத்து அங்கே தானாக விளங்கிவிட்டது.

2. மஞ்சள் துணிச் சோதனை. இரண்டு பருத்தித் துண்டுகளில் ஒன்றைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்துப் பின் இரண்டையும் மஞ்சள் நீரில் தோய்க்கவும். பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயிலில் வைக்கவும். எந்தப் பாதி எவ்வளவு வெளுத்தது என்று ஒப்பிடவும். படிகாரம் சாயத்தை இழையோடு பிணைக்கும் பொருள் என்பதையும், மஞ்சள் போன்ற இயற்கைச் சாயம் வெளிச்சத்தில் எளிதில் வெளுக்கும் என்பதையும் காணலாம். சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். அமில கார நிறங்காட்டி பாடமும் கூடவே முடியும்.

3. எரித்துப் பார்த்தல். இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். இடுக்கி, நீர் வாளி, காற்றோட்டமான இடம் கட்டாயம். பருத்தியும் வாழைநாரும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் வாடை தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். இழை ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இழையே போதும்.

4. நான்கு கேள்வி அட்டை. வீட்டில் உள்ள ஏதாவது ஒரு விரிப்பு, திரை, மெத்தை உறையை எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிவர வேண்டும். எதிலிருந்து வந்தது? எப்படிச் செய்தார்கள்? யார் செய்தார்கள்? எங்கே போகும்? எல்லாக் கேள்விக்கும் விடை கிடைக்காது. விடை கிடைக்காத இடத்தை வெறுமையாக விடச் சொல்கிறேன். யார் செய்தார்கள் என்ற கட்டம்தான் பெரும்பாலும் காலியாக வருகிறது. அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி ஒரு வகுப்பு முழுவதும் பேசலாம்.

5. ஊர்க் கணக்கெடுப்பு. ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாள். 1905இல் அந்த நாளில் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைவுகூர்ந்து 2015இல் சென்னையில்தான் முதல் விழா நடந்தது. அன்று தங்கள் தெருவில் நெசவு தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிள்ளைகள் பேட்டி காணலாம். தறியில் பயன்படும் சொற்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னால் தமிழாசிரியருக்கும் நல்ல விருந்து. குழித்தறி, நாடா, பாவு, ஊடை, விழுது போன்ற சொற்கள் பேசுவோர் குறையக் குறைய மறைபவை.

இச்செயல்பாடுகள் ஒரே பாடத்துக்கு உரியவை அல்ல. ஏழாம் வகுப்புப் பலபடி வேதியியல், எட்டாம் வகுப்பு வரலாறு, பத்தாம் வகுப்பு அறிவியலில் சுற்றுச்சூழல் மேலாண்மை, பத்தாம் வகுப்புப் பொருளியலில் தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள் ஆகிய பாடங்களோடு நேராகப் பொருந்துகின்றன. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தொட்டுணரும் துணிப்பலகை ஒன்றைச் செய்யலாம். தையற்கடையில் கேட்டால் வெட்டித் துண்டுகள் இலவசமாகவே கிடைக்கும். சணல், கோரை, தேங்காய் நார், பருத்தி, நைலான் துண்டுகளை ஒட்டி 'மண்ணுக்கு', 'ஆலைக்கு' என்று பிரிக்கச் சொல்லலாம். ஐந்து வயதுப் பிள்ளையும் இந்த விளையாட்டை ஆடும்.

எதற்காக இந்தப் பாடம்?

நம் பிள்ளைகளில் பலர் நாளை இந்தத் தொழிற்சாலைகளிலேயே வேலைக்குப் போவார்கள். இருக்கை தைக்கும் வரிசையில் நிற்கலாம், தரம் பார்க்கும் மேசையில் உட்காரலாம், அலுவலகத்துக்குத் திரைச்சீலை வாங்கும் பொறுப்பில் இருக்கலாம். அங்கே ஒரு நாள் பசையா தையலா, கலப்பு நூலா தனி நூலா, விலை குறைந்த திரையா நெசவாளர் நெய்த திரையா என்ற முடிவு அவர்கள் கைக்கு வரும். சிறிய முடிவுகள்தாம். ஆனால் ஓர் ஆறு எந்த நிறத்தில் ஓடும் என்பதும், ஒரு தறி நிற்குமா ஓடுமா என்பதும் இத்தகைய முடிவுகளின் கூட்டுத்தொகைதான்.

தறியை விற்ற தாத்தாவைப் பற்றிக் கேட்ட மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். துணித் தொழில்நுட்பம் படிக்க எந்தப் பிரிவு எடுக்க வேண்டும் என்று அண்மையில் கேட்டாள். மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தால் வழி திறக்கும் என்றேன். அவள் அதைப் படிப்பாளா, வேறு பாதையில் போவாளா என்பது அவள் விருப்பம். தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது என்று தெரிவிப்பது நம் கடமை. உங்கள் ஊரிலும் ஒரு நார், ஒரு பாய், ஒரு தறி, ஒரு தொழிற்சாலை இருக்கும். அதிலிருந்து உங்கள் வகுப்பைத் தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகள் கண்டறிந்ததை நம் இதழில் எழுதுங்கள்.